வெறும் பெட்டிக்குள் நிற்பவர்

காப்பியைப் பற்றிப் பேச உட்கார்ந்தால் எல்லோரும் ஆட்டில்தான் ஆரம்பிப்பார்கள். எங்கோ ஒரு ஆடு ஏதோ சிவப்புப் பழத்தைத் தின்றுவிட்டுத் துள்ளியதாம், மேய்த்தவன் தானும் தின்று பார்த்தானாம். எங்கள் கிடங்கு மேலாளர் வெளியிலிருந்து யார் வந்தாலும் இந்தக் கதையைச் சொல்லாமல் விடமாட்டார். அடுத்து, எங்கும் முளைத்துவிடக் கூடாதென்று கொட்டையை அவித்தே விற்ற வியாபாரிகள் வருவார்கள். அவர்களை ஏமாற்றிப் பச்சை விதையை இடுப்பில் கட்டிக்கொண்டு கடல் தாண்டிய ஆள் வருவார். அதற்கும் அடுத்து, பாய்மரக் கப்பலில் மாதக்கணக்காகக் கடல்காற்றைக் குடித்து உப்பி வெளுத்துப்போன கொட்டை. அக்கரையில் இருந்தவர்களுக்கு அந்த ருசியே பிடித்துப்போய்விட்டதாம். நான் மூட்டை தைக்கும் இடம் மேலாளர் அறைக்கு எதிரிலேயே இருப்பதால் எனக்கு எல்லாம் மனப்பாடம். ஆடு வரும், கப்பல் வரும். கப்பலேறும் முன்னால் வெறும் பெட்டிக்குள் போய் நிற்கிற மனிதர் மட்டும் எந்தக் கதையிலும் வரமாட்டார். அவர் என் வீட்டுக்காரர் என்பதால் நானாவது சொல்கிறேன்.

காப்பி மூட்டைகள் கப்பலுக்குப் போவது பெரிய இரும்புக் கண்டெய்னர்களில். எங்கள் கிடங்கில் பெட்டி என்றால் அதுதான். காலியாக வந்து முற்றத்தில் நிற்கும். போன தடவை அதற்குள் என்ன போனது என்று கேட்டால் ஒருத்தருக்கும் தெரியாது. தோலாக இருக்கலாம், மீன் தூளாக இருக்கலாம். பச்சைக் காப்பிக்கொட்டையோ ஊர் வம்பை வாங்கி வைத்துக்கொள்ளும் பக்கத்து வீட்டுக்காரி மாதிரி. அருகில் என்ன வாசனை இருந்தாலும் இழுத்துக்கொள்ளும், பிறகு வறுத்தாலும் அரைத்தாலும் விடாது. அதனால் மூட்டை ஏற்றும் முன் ஒரு ஆள் உள்ளே போவார். வெளியிலிருந்து இரண்டு கதவையும் இழுத்து மூடிக் கம்பியைப் போட்டுவிடுவார்கள். வெயிலில் காய்ந்த இரும்பு, உள்ளே கும்மிருட்டு. எங்காவது ஊசிமுனை அளவு வெளிச்சம் தெரிந்தால் ஓட்டை இருக்கிறது, தண்ணீர் இறங்கும் என்று அர்த்தம். வெளிச்சம் இல்லாவிட்டால் அடுத்து மூக்குக்கு வேலை. மூடிய சூட்டில்தான் தரைப்பலகை தான் குடித்து வைத்திருக்கும் பழைய சரக்கின் வாசனையைக் கக்கும். கதவு திறந்திருக்கும்வரை எல்லாப் பெட்டியும் யோக்கியமான பெட்டிதான்.

என் வீட்டுக்காரரும் முதலில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவர்தான். ஒருநாள் தோளில் ஏற்றிய மூட்டையைப் பாதியிலேயே இறக்கி, "இதுக்குப் பக்கத்துல யாரோ பெயிண்ட் வச்சிருக்காங்க" என்றார். தேடிப் பார்த்தால் சுவருக்கு அந்தப் பக்கம், மூடி சரியாகப் போடாத டப்பா ஒன்று இருந்தது. அன்றிலிருந்து அவர் மூக்கர். அவருடைய சொந்தப் பெயரைக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்ப்பாரா என்பது சந்தேகம். கல்யாணமான புதிதில் இந்த மூக்கோடு குடித்தனம் நடத்துவது எனக்குப் பெரும்பாடாக இருந்தது. அடுப்பில் பால் அடிப்பிடிக்கிறதென்று எனக்கு முன்பே கூடத்திலிருந்து குரல் வரும். வீட்டில் பவுடர் கிடையாது, சென்ட் கிடையாது. என் அண்ணி ஆசையாகக் கொடுத்த வாசனைச் சோப்பை அலமாரிக்குள் வைத்துக் கதவைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டதோடு சரி.

அவர் வேலையில் எனக்கும் ஒரு பங்கு உண்டு. பழைய வெள்ளைத் துணியைச் சதுரமாகக் கிழித்து, சோப்புப் போடாமல் வெறும் தண்ணீரில் அலசி, வெயிலில் காயவைத்துக் கொடுப்பேன். பெட்டித் தரையை அந்தத் துணியால் அழுத்தித் துடைத்து மோந்து பார்ப்பார். முதல் பெட்டித் துணியின் முனையில் ஒரு முடிச்சு, இரண்டாவது பெட்டிக்கு இரண்டு முடிச்சு. குழம்பாமல் இருக்க அவரே கண்டுபிடித்த ஏற்பாடு. சாயங்காலம் எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் பையில் சுருட்டி, சாப்பாட்டுப் பைக்குள் போட்டுக் கொண்டுவருவார். பாத்திரம் கழுவும்போது துணியையும் அலசிப் போடுவேன்.

போன வருடத்திலிருந்து அவரிடம் ஒரு மாற்றம். இருட்டில் தூங்கமாட்டேன் என்றார். "பாப்பா பயப்படுவா, லைட் எரியட்டும்" என்றார். எங்கள் பாப்பாவோ போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டு, "எனக்கு லைட்டே வேணாம், கண்ணு கூசுது. அப்பாவை அணைக்கச் சொல்லு" என்று என்னிடம் சண்டை போட்டாள். குளியலறைக் கதவைத் தாழ் போடாமல் குளித்தார். பஸ்ஸில் கதவோரமாகவே நின்றார். வயசாக ஆக மனுஷனுக்குப் பிடிவாதம் வருகிறது என்று நினைத்தேன். இப்போது யோசித்தால் என் மண்டையில் நானே குட்டிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

இனி ஒரு பச்சைக் குடைக்காரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். மலையில் கையளவு நிலம் வைத்துக் காப்பி போடுகிறவர்கள் ஒரு சங்கமாகச் சேர்ந்திருந்தார்கள். அதுவரை அவர்கள் கொட்டை ஏதாவது பெரிய வியாபாரியின் கொட்டையோடு கலந்து, அவர் பெயரில் போகும். அந்தத் தடவைதான் முதல்முறையாகத் தனிப் பெட்டியில், சங்கத்தின் பெயரில் கப்பலேறப் போகிறது. அக்கரையில் வாங்குகிறவர்கள் ருசி பார்த்துப் பிடித்தால்தான் அடுத்த வருடமும் வாங்குவோம் என்று சொல்லியிருந்தார்கள். சங்கத் தலைவி மூட்டைகளோடு லாரியிலேயே வந்து இறங்கினாள். கையில் எப்போதும் ஒரு பச்சைக் குடை. வெயில் இல்லாவிட்டாலும் விரித்தே வைத்திருப்பாள். நான் மூட்டை வாயைத் தைக்கத் தைக்க, பக்கத்தில் நின்று ஒவ்வொன்றையும் தடவிக் கொடுத்தாள்.

"தங்கச்சி, நூல் பிரிஞ்சுடாதுல்ல?"

"பிரியாதுக்கா. நீங்க முதல்ல உட்காருங்க."

"உட்கார்ந்தா நெஞ்சு படபடங்குது. மழை பிடிச்சப்ப இதைக் கட்டில்ல காயப்போட்டுட்டு நாங்கல்லாம் தரையில படுத்தோம். எங்க பொம்பளைங்க ஒவ்வொரு பழமா சிவப்பு பார்த்துப் பார்த்துப் பறிச்சது."

மத்தியானம் அவளே என் வீட்டுக்காரரிடம் போய், "அண்ணே, பெட்டி நல்லாருக்கா?" என்று கேட்டதைப் பார்த்தேன். "சுத்தமா இருக்குங்க" என்றார் அவர். தரையில் காகிதம் விரித்து மூட்டைகளை அடுக்கி, கதவை மூடி, சீல் வைத்தார்கள். மறுநாள் காலையில் லாரி துறைமுகத்துக்குக் கிளம்ப வேண்டும். கிளம்புவதைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் ஊருக்குப் போவேன் என்று குடைக்காரி காவலாளி குடும்பத்தோடு தங்கிக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் சாப்பாட்டுப் பையைத் திறந்து, பிளாஸ்டிக் பையின் முடிச்சை அவிழ்த்தேன். குப்பென்று அந்துருண்டை வாசனை. பழைய துணிப் பெட்டியைத் திறந்தால் வருமே, அதேதான். எங்கள் வீட்டில் அந்துருண்டை நுழைந்ததே இல்லை. ஒவ்வொரு துணியாக எடுத்து மோந்தேன். இரண்டு முடிச்சுப் போட்ட துணியில்தான் இருந்தது.

"என்னங்க, இன்னிக்கு ரெண்டாவது பெட்டியில என்ன ஏத்தினாங்க?"

"அதான், குடைக்காரி சரக்கு. ஏன்?"

துணியை நீட்டினேன். மோந்து பார்த்தவரின் முகம் வெளுத்துவிட்டது. என் மூக்கே சும்மா தரித்திரம் பிடித்த மூக்கு. எனக்கே தெரிகிற வாசனை இவருக்கு எப்படித் தெரியாமல் போனது?

"பெட்டிக்குள்ள இது உங்களுக்குத் தெரியலையா?"

திருடனுக்குத் தேள் கொட்டியதுபோல உட்கார்ந்திருந்தார். நானும் விடவில்லை. பாப்பாவைப் பக்கத்து வீட்டுக்கு விளையாட அனுப்பிவிட்டுத் திரும்பவும் கேட்டேன். அப்போதுதான் சொன்னார். போன வருடம் ஒருநாள் கதவுக் கம்பி சிக்கிக்கொண்டதாம். வெளியில் நிற்க வேண்டிய கதவுக்காரர், இவர் நிதானமாகப் பார்க்கட்டும் என்று டீ குடிக்கப் போய்விட்டாராம். இவர் தட்டியிருக்கிறார், கத்தியிருக்கிறார், அடுத்த பெட்டியில் மூட்டை விழுகிற சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. திறந்தபோது ஒன்றும் நடக்காத மாதிரி வெளியே வந்து இவரும் டீ குடித்தாராம்.

"அதுலேர்ந்து கதவு மூடினதும் தொண்டையை யாரோ பிடிக்கிற மாதிரி இருக்கு. மூச்சைப் பிடிச்சுக்கிட்டு, கண்ணை இறுக்கி மூடிக்கிட்டு நிப்பேன். கொஞ்ச நேரம் கழிச்சுத் தட்டுவேன், திறப்பாங்க."

"கண்ணையுமா?"

"ம்."

"ஒரு வருஷமா மூக்கையும் மூடிக்கிட்டு, கண்ணையும் மூடிக்கிட்டுத்தான் பெட்டி பார்த்தீங்களா? பூனை கண்ணை மூடிக்கிட்டா பூலோகம் இருண்டுடுமா?"

"அங்க ஏற்கெனவே இருண்டுதான் இருக்கு" என்றார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. சிரிக்கவில்லை.

"சரி, துணியை? வெளிய வந்து அதையாவது மோந்து பார்த்திருக்கலாமே."

"பார்த்தேன். ஆனா அப்பல்லாம் எனக்கு வாயாலதான் மூச்சு வரும். மூக்கு வேலை செய்யுறதுக்குள்ள அடுத்த பெட்டி வந்துடும்."

இதுவரை போன பெட்டிகள் எல்லாம் தெய்வாதீனமாகத் தப்பியிருக்கின்றன. ஒரு குடம் பாலுக்கு ஒரு துளி விஷம் என்பார்கள். இந்தப் பெட்டி இப்படியே கடல் தாண்டி, அங்கே அவர்கள் காப்பியைக் கொதிக்கவைத்து வாயில் வைத்ததும் அந்துருண்டை ருசித்தால், சங்கத்தின் கதை அத்தோடு முடிந்தது. அந்தக் கட்டிலும் தரையும் என் கண்ணிலேயே நின்றன.

"அந்தக் காலத்துல கடல்காத்து குடிச்ச கொட்டையை நல்லாருக்குன்னு குடிச்சாங்களே. இதையும் ஒருவேளை..." என்று இழுத்தேன். பயம் வந்தால் புத்தி எங்கெல்லாம் போகிறது பாருங்கள்.

"கடல்காத்து வேற, அந்துருண்டை வேற" என்றார் அவர்.

நிஜமாகவே வாசனை இருக்கிறதா, அல்லது நமக்குத்தான் தோன்றுகிறதா என்று அவர் துணியை வாங்கி மோந்தார். நான் வாங்கி மோந்தேன். மறுபடி அவர், மறுபடி நான். சொல்லலாமா வேண்டாமா என்ற பேச்சு ஓடஓடத் துணியும் கை மாறிக்கொண்டே இருந்தது. சொன்னால் வேலை போகும், மானமும் போகும். சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. பழியைக் கப்பல்மேல் போட்டுவிடலாம். நான் இந்த இரண்டையுமே வாய்விட்டுச் சொன்னேன், மறைப்பானேன். அவர்தான் கடைசியில், "அந்தம்மா என் முகத்தைப் பார்த்துக் கேட்டுச்சு" என்றார்.

விடிந்ததும் பாப்பாவை அண்ணி வீட்டில் விட்டுவிட்டு இருவரும் கிடங்குக்கு ஓடினோம். லாரி எஞ்சினைப் போட்டு நின்றிருந்தது. மேலாளர் கையில் துணியைக் கொடுத்தோம். அவர் மோந்தார், திருப்பி மோந்தார்.

"துணி வாசனைதாம்பா வருது."

நான் பிடுங்கி மோந்து பார்த்தேன். ஒன்றுமே இல்லை. எங்கள் பயத்தில் மாற்றி மாற்றி மோந்தே இருந்த வாசனையைத் தீர்த்துவிட்டிருக்கிறோம்! அப்போது எனக்கு ஏற்பட்ட தவிப்பு எதிரிக்கும் வேண்டாம்.

"சார், நேத்து இருந்துச்சு. சத்தியமா இருந்துச்சு" என்றேன்.

"ஏம்மா, சீல் வச்ச பெட்டி. உடைச்சா இந்தக் கப்பல் போயிடும். அடுத்தது எப்பன்னு யாருக்குத் தெரியும்? உன் புருஷன் நேத்து உள்ளயே போய்ப் பார்த்துட்டுத்தானே சரின்னாரு?"

குடைக்காரி அங்கேதான் நின்றிருந்தாள். குடை விரிந்திருந்தது. "என்னண்ணே, என்ன ஆச்சு?" என்று அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

என் வீட்டுக்காரர் அவள் எதிரில் போய் நின்றார். லாரிக்காரர், கதவுக்காரர், மூட்டை தூக்குகிறவர்கள் எல்லோரும் சுற்றி நிற்கிறார்கள். "நேத்து உள்ள போனேன்மா. ஆனா மூச்சு விடல" என்றார். அவளுக்குப் புரியவில்லை. அவர் முழுவதையும் சொன்னார், கண்ணை மூடிக்கொண்டது உட்பட. யாரோ ஒருவன் சிரித்தான். அவர் நிறுத்தாமல் சொல்லி முடித்தார்.

குடைக்காரிக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "பயமா இருந்தா சொல்றதுக்கென்ன? வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்தீங்க? நான் வந்து கெஞ்சிக் கேட்டேனே, சுத்தமா இருக்குன்னீங்களே!" என்று கத்தினாள். கத்திக் கத்தி மூச்சு வாங்கியது. பிறகு மேலாளர் பக்கம் திரும்பி, "சரக்கு எங்களுது. கப்பல் போனாப் போகட்டும். திறங்க" என்றாள்.

உள்ளே ஒன்றும் இல்லையென்றால் அவள் கப்பலை விட்டதும் எங்களால்தான். வாசனை இருந்தாலும் பழி எங்கள் தலையில்தான். எது நடக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்வது என்றே எனக்குத் தெரியவில்லை.

மூட்டையெல்லாம் இறக்கி, காகிதத்தைச் சுருட்டி எடுத்தபின் பெட்டி வெறுமையாகக் கிடந்தது. வாசலில் நின்று மோந்தால் சாக்கு வாசனைதான் வந்தது. வெயில் ஏறட்டும் என்று காத்திருந்தோம். அதைவிட நீளமான காலைப்பொழுதை நான் கண்டதில்லை. பிறகு மேலாளர், "ம், போப்பா. நீதானே பார்க்கணும்" என்றார். என் வீட்டுக்காரர் ஒரு காலைத் தூக்கி உள்ளே வைத்தார். மற்றக் கால் வரவில்லை. சட்டை முதுகோடு ஒட்டி நனைந்துவிட்டது. நான் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவருக்கு முன்னால் ஏறி, கைகொடுத்து அவரையும் உள்ளே இழுத்தேன்.

"அவ எதுக்கு?" என்றார் மேலாளர்.

"மூக்கு ரெண்டு இருந்தா நல்லதுதானே சார்" என்றேன்.

கதவுக்காரர் கம்பியைப் பிடிக்க வந்தார். குடைக்காரி அவரைத் தள்ளிவிட்டுத் தானே பிடித்தாள். "நான் எங்கயும் டீ குடிக்கப் போகமாட்டேன். தட்டினா திறப்பேன்" என்றாள். குரலில் கோபம் அப்படியே இருந்தது.

கதவு மூடியது. அது எப்படிப்பட்ட இருட்டு என்று எனக்கு அதுவரை தெரியாது. என் கை எனக்கில்லை, கால் எனக்கில்லை. சூடு நாலா பக்கமும் நெருக்கியது. ஒரு வருடம் இதற்குள் தினமும் வந்து நின்ற மனுஷனையா பூனை என்று திட்டினேன்! அவர் கையைத் தேடிப் பிடித்தேன், சில்லென்று இருந்தது. பக்கத்தில் மூச்சுச் சத்தமே இல்லை.

"விடுங்க" என்றேன். "நான் இருக்கேன். மூச்சு விடுங்க."

நேரம் போனது. பிறகு, தண்ணீருக்குள்ளிருந்து தலையைத் தூக்குகிறவர்போல அவர் இழுத்து மூச்சு வாங்கினார். இன்னொன்று. இன்னொன்று. அப்படியே என் கையையும் இழுத்துக்கொண்டு கீழே உட்கார்ந்து, தரைப்பலகையருகே முகத்தைக் கொண்டுபோனார்.

"இருக்கு" என்றார். "அந்துருண்டைதான். இந்த மூலையில."

எனக்கும் வந்தது. அழுதுகொண்டே தட்டினேன். குடைக்காரி உடனே திறந்தாள். அடுத்து மேலாளர் தலையை உள்ளே நீட்டி, கதவைப் பாதி சாத்திக்கொண்டு மோந்தார். நேரே போய் வேறு பெட்டி கேட்டு போன் செய்தார்.

அடி வரிசை மூட்டைகளை மட்டும் ஒதுக்கினார்கள். மற்றதெல்லாம் வேறு பெட்டியில் அடுத்த கப்பலுக்குப் போனது. ஒதுக்கிய மூட்டைகளைக் குடைக்காரி மலைக்கே திருப்பி எடுத்துப் போனாள். போகும்போது ஒரு மூட்டையைப் பிரித்து, கை நிறைய அள்ளி என் மூக்கருகே நீட்டினாள். "எனக்கு ஒண்ணும் தெரியல தங்கச்சி. ஆனா குடிக்கிறப்ப தெரிஞ்சுடுமோன்னு இருக்கு." எனக்கும் தெரியவில்லை என்றேன். அக்கரையிலிருந்து அவர்களுக்கு நல்ல பதில் வந்தது என்று பின்னால் கேள்விப்பட்டோம். என் வீட்டுக்காரரிடம் அவள் கடைசிவரை பேசவில்லை. பேசியிருக்கலாம். ஆனால் அவள் இடத்தில் நானாக இருந்தாலும் பேசியிருக்கமாட்டேன்.

வேலை போய்விடும் என்றுதான் நினைத்தோம். மேலாளர் எல்லோரையும் கூட்டி, "இனிமே பெட்டிக்குள்ள யார் போறீங்க?" என்று கேட்டார். ஒருவருக்கு முதுகுவலி, ஒருவருக்குக் கண்ணில் கோளாறு. சிரித்தானே, அவனுக்கு அன்றைக்கென்று பார்த்து வயிற்றுவலி. கடைசியில் இவரே போவது, கதவுக் கம்பியை நான் பிடிப்பது என்று முடிவானது. பெட்டி வருகிற நேரத்துக்கு மட்டும் தையலை நிறுத்திவிட்டு வருவேன். அவர் உள்ளேயிருந்து ஒரு தட்டு தட்டினால் நானும் வெளியிலிருந்து ஒரு தட்டு. நான் இருக்கிறேன் என்று அர்த்தம். ஆரம்பத்தில் மூச்சுக்கு ஒருதரம் தட்டினார். பாப்பா தூங்கும் அறையில் லைட் இன்னும் எரிகிறதுதான். ஆனால் குளியலறைத் தாழ் விழுகிற சத்தம் இப்போது கேட்கிறது.

போன வாரம் ஒரு பெட்டி. கதவை மூடினேன். ஒரு தட்டு வந்தது, நான் பதில் தட்டினேன். அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. நான் தட்டினேன். உள்ளேயிருந்து பதில் இல்லை. காதை இரும்பில் வைத்தேன், காது சுட்டது. மயக்கம் போட்டு விழுந்துவிட்டாரா, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கிடக்கிறாரா என்று என்னென்னவோ ஓடியது. இரண்டு கையாலும் கம்பியை இழுத்துக் கதவைத் திறந்தேன். அவர் கடைசி மூலையில் மண்டியிட்டு, தரையில் மூக்கை வைத்துக்கொண்டிருந்தார். வெளிச்சம் பட்டதும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு எரிச்சலோடு திரும்பினார்.

"இப்ப எதுக்குத் திறந்தே? இன்னும் பார்த்து முடிக்கல. மூடு."

மூடச் சொன்னவர் மறுபடி தரைக்குக் குனிந்துவிட்டார். கம்பியைப் பிடித்த என் கைதான் அசைய மாட்டேன் என்றது.